உணவு காத்த அறிஞர் லூயி பாஸ்டர்

உடம்பு நிலைபெறுதற்கு உணவு இன்றியமையாதது. அவ்வுணவே சில வேளைகளில் உயிர்க்குப் பகையாகவும் மாறிவிடுகின்றது. நேற்று நறுமணம் வீசிய குழம்பு இன்று நாறுகின்றது. காலையில் கறந்த பால் மாலையில் திரிந்துபோகின்றது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்டவர் பலர் ஒருங்கே வாந்தியும் வயிற்றோட்டமும் உற்று வாடுகின்றனர். இவை ஏன் நிகழ்கின்றன என்னும் வினாவிற்கு உலகம் நெடுங்காலம் விடை அறியாது இருந்தது. கெட்ட காற்றே காரணம் என்றனர் சிலர். கோள்களின் கொடுமை என்றனர் வேறு சிலர். எல்லாம் விதியின் செயல் என்று கூறி வாளா இருந்தனர் பலர்.

உணவைக் கெடுப்பன கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் என்பதையும், அவை தாமாகத் தோன்றுவன அல்ல, வெளியிலிருந்து வந்து சேர்வன என்பதையும், வருவனவாதலின் அவற்றை வாராமல் தடுத்தல் கூடும் என்பதையும் ஆய்ந்து நிலைநாட்டிய பெருமை பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டரைச் சாரும்.

பிறப்பும் கல்வியும்

பிரெஞ்சு நாட்டின் கிழக்கெல்லையில் ஜூரா என்னும் மலைநாடு உள்ளது. அந்நாட்டில் டோல் என்னும் ஊரில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் லூயி பாஸ்டர் பிறந்தார். அவர்தம் தந்தையார் மாவீரன் நெப்போலியனின் படையில் பணியாற்றி வீரப்பதக்கம் பெற்றவர். படைத்தொழிலை விட்டபின் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டு, உழைத்துக் குடும்பத்தைக் காத்து வந்தார். பாஸ்டர் சிறுவராயிருந்தபொழுதே அக்குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூரில் குடியேறியது. அவ்வூரே அவர்க்குச் சொந்த ஊர் போல் ஆயிற்று.

இளமையில் பாஸ்டரை எவரும் அறிவிற் சிறந்த மாணவர் என்று கருதவில்லை. அவர் ஓவியம் வரைவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். தம் பெற்றோரின் உருவங்களை அழகுற வரைந்தார். பாடங்களில் மெல்லப் பயிலும் இயல்பினர். ஆயின் ஒன்றை ஐயந்திரிபற அறிந்தாலன்றி அதனை உண்மை என்று உரையார். பிற்காலத்தில் உலகம் போற்றும் அறிவியல் அறிஞராக அவரை ஆக்கியது இவ்வியல்பே ஆகும்.

1838-ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டுப் பாரிசு மாநகர்க்குச் சென்ற அவர், வீட்டு நினைவு வருத்த, சின்னாளில் ஊர்க்கே திரும்பிவிட்டார். பின்னர் மனந்தேறிப் பெசான்சோன் நகரில் பயின்றார். அந்நாளில் அவர் எழுதிய தேர்வில் வேதியியல் பாடத்தில் அவர் பெற்ற மதிப்பு நடுத்தரமே! பாரிசில் உள்ள உயர்தர ஆசிரியர் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் வென்றும், தமக்குக் கிடைத்த இடம் தாழ்ந்தது என்று மனநிறைவு கொள்ளாமல் மேலும் ஓராண்டு பயின்றார். மீண்டும் தேர்வெழுதி உயர்ந்த இடம் பெற்று, 1843-ஆம் ஆண்டில் அக்கல்லூரியிற் சேர்ந்தார்.

1849-ஆம் ஆண்டில் ஸ்டிராஸ்பர்கு நகரில் வேதியியல் பேராசிரியராய் இருந்தபொழுது மரி லோரான் என்னும் நங்கையாரை மணந்தார். அவ்வம்மையார் இல்லறத்தை நடத்தியதோடு அமையாமல், கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதியும், அவர்தம் சோர்வைப் போக்கியும் வாழ்நாள் முழுவதும் உற்ற துணையாய் விளங்கினார்.

ஆலைத் தொட்டியில் கண்ட உண்மை

1854-ஆம் ஆண்டில் பாஸ்டர் லீல் என்னும் நகரில் அறிவியல் துறைத் தலைவரானார். அந்நகரைச் சுற்றிப் பீட்ரூட் கிழங்கின் சாற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் எடுக்கும் ஆலைகள் பல இருந்தன. 1856-ஆம் ஆண்டில் ஆலை உரிமையாளர் ஒருவர் பாஸ்டரை நாடி வந்து முறையிட்டார். சில தொட்டிகளில் சாறு செவ்வனே புளித்தது. வேறு சில தொட்டிகளிலோ திரிந்து கெட்டுப் பெருநட்டம் விளைத்தது. காரணம் ஒருவர்க்கும் விளங்கவில்லை.

பாஸ்டர் ஆலைக்குச் சென்று இருவகைத் தொட்டிகளிலிருந்தும் சிறிது சிறிது சாறெடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். நல்ல சாற்றில் ஈஸ்டு எனப்படும் உருண்டை வடிவான நுண்ணுயிர்கள் இருந்தன. கெட்ட சாற்றில் அவற்றினும் மிகச் சிறிய, கோல் வடிவான வேறு நுண்ணுயிர்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வகைப் புளிப்பிற்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிரே காரணம் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. பால் புளிப்பது எவ்வாறு என்பதை ஆராய்ந்து 1857-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் தாய்மார் காய்ச்சிய பாலில் உறைமோர் இடும்பொழுது அப்பாலில் விதைப்பதும் இத்தகைய நுண்ணுயிரையே ஆகும்.

எனவே, நுண்ணுயிர் எல்லாம் தீயன அல்ல. ஈஸ்டு மாவைப் பொங்கச் செய்கின்றது. உறைமோரில் உள்ளது பாலைத் தயிராக்குகின்றது. ஆயின் வேண்டாத நுண்ணுயிர் புகுந்தால் உணவு கெடுகின்றது. நோய் விளைக்கும் நுண்ணுயிர் புகுந்தால் உண்பவன் கெடுகின்றான். நல்லது எது, தீயது எது என்பதைக் கண்ணால் மட்டும் அறிதல் இயலாது. இவ்வுண்மைகளை உலகம் ஏற்றுக்கொள்வதற்குப் பாஸ்டர் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. புளித்தல் என்பது பொருள்கள் தாமே அழுகி மாறும் வேதியியல் மாற்றமே அன்றி உயிர்களின் செயலன்று என்று, செருமானிய நாட்டுப் பேரறிஞர் லீபிக் முதலியோர் அழுத்தமாக மறுத்துரைத்தனர்.

முதல் துயரம்

1857-ஆம் ஆண்டில் பாஸ்டர் பாரிசில் தாம் பயின்ற கல்லூரிக்கே திரும்பி வந்தார். அங்கு ஆய்வுக்கூடம் ஒன்றும் அவர்க்கு அளிக்கப்படவில்லை. கட்டடத்தின் கூரையடியில் இருந்த சிற்றறைகளையே தம் செலவில் செப்பனிட்டு ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்.

அவ்வாறு அவர் உழைத்துவரும் நாளில் அவர் இல்லத்தில் பேரிடி ஒன்று விழுந்தது. 1859-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், ஆர்புவாவில் தாத்தாவின் வீட்டிற்குச் சென்றிருந்த மூத்த மகள் ழான் டைபாய்டு என்னும் குடற்காய்ச்சலால் இறந்தாள். அப்பொழுது அவளுக்கு வயது ஒன்பதே. அந்நோய் எதனால் வருகின்றது என்பதை அந்நாளில் எவரும் ஐயமற அறிந்திலர். கிருமியுற்ற குடிநீர், பால், உணவு ஆகியவற்றின் வாயிலாகவே அது வாய்வழிப் புகுகின்றது என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. நுண்ணுயிர்களின் வழிகளைத் தேடிக்கொண்டிருந்த அறிஞரின் மகளையே அவற்றுள் ஒன்று கொண்டுபோயிற்று. பெற்ற மனம் கலங்கினும் பாஸ்டர் தம் பணியைக் கைவிடவில்லை.

அன்னக் கழுத்துக் குடுவை

கெட்ட உணவில் காணப்படும் நுண்ணுயிர்கள் அவ்வுணவிலிருந்தே தாமாகப் பிறக்கின்றன என்பது அந்நாளில் அறிஞர் பலர் கொண்ட கருத்து. அவர்களுள் ரூவான் நகரத்து இயற்கையறிஞர் பூஷே முதன்மையானவர். அக்கருத்து உண்மையாயின் உணவைக் காத்தற்கு வழியே இல்லை. எவ்வளவு தூய்மையாய் வைப்பினும் அது தானே புழுத்துக் கெட்டே தீரும். ஆதலின் இவ்வழக்கு ஏட்டளவில் நின்றதொரு வழக்கன்று. மன்பதையின் நல்வாழ்வு அதனைப் பொறுத்திருந்தது.

பாஸ்டர் கண்ணாடிக் குடுவைகளில் சத்துநீரை ஊற்றினார். குடுவையின் கழுத்தைச் சூடேற்றி இழுத்து, அன்னப்பறவையின் கழுத்தைப் போல் நீண்டு வளையச் செய்தார். பின்னர் அந்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டார். குடுவையின் வாய் திறந்தே இருந்தது. காற்று தடையின்றி உள்ளே சென்றது. ஆயின் காற்றோடு வந்த தூசியும் அதிற் படிந்த நுண்ணுயிரும் வளைந்த கழுத்திலேயே தங்கிவிட்டன. பன்னாள் கழிந்தும் நீர் தெளிவாகவே இருந்தது. கழுத்தை ஒடித்துவிட்டாலும், நீர் வளைவைத் தொடுமாறு குடுவையைச் சாய்த்து மீண்டும் நிமிர்த்தினாலும், சில நாளில் அது கலங்கிக் கெட்டது.

அவர் இவ்வளவில் நின்றாரல்லர். 1860-ஆம் ஆண்டில், கொதிக்கவைத்து மூடிய குடுவைகளைச் சுமந்துகொண்டு மலையேறினார். ஆர்புவாவின் அருகே திறந்த வெளியில் இருபது குடுவைகளைத் திறந்து மூடினார். அவற்றுள் எட்டுக் கெட்டன. ஜூரா மலையில் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருபது குடுவைகளைத் திறந்தார்; ஐந்து கெட்டன. ஆல்ப்சு மலையின் பனிப்பரப்பிற்கு அருகில், தூசியே அரிதாகிய உயர்ந்த இடத்தில் இருபது குடுவைகளைத் திறந்தார். ஒன்றே ஒன்றுதான் கெட்டது. தூசி குறையக் குறையக் கேடும் குறைந்தது. பிரெஞ்சு அறிவியற் கழகம் 1862-ஆம் ஆண்டில் அவர்க்குப் பரிசளித்துப் பாராட்டியது.

உணவை மூடி வைத்தல் வேண்டும் என்று பெரியோர் கூறுவதன் காரணம் இவ்வாய்விலிருந்து தெள்ளிதின் விளங்கும். ஈயும் தூசியும் படாதவாறு காக்கும் மூடி, அக்குடுவையின் வளைந்த கழுத்தைப் போன்றது.

வெப்பத்தால் காத்தல்

பிரெஞ்சு நாட்டின் செல்வங்களுள் ஒன்று திராட்சை மது. அது நெடுநாள் வைப்பில் கெட்டு வணிகர்க்கு இழப்பு விளைத்தமையின், அதன் காரணத்தை ஆராயுமாறு அந்நாட்டு மன்னர் மூன்றாம் நெப்போலியன் 1863-ஆம் ஆண்டில் பாஸ்டரை வேண்டினார். கெட்டவற்றில் எல்லாம் வேண்டாத நுண்ணுயிர்கள் இருத்தலைப் பாஸ்டர் கண்டார். அவற்றை அழிக்கும் மருந்துப் பொருள்கள் சுவையைக் கெடுத்தன. ஆதலின் அவர் வெப்பத்தைத் துணைக்கொண்டார். கொதிநிலைக்கு மிகவும் குறைவாக, 50 முதல் 60 பாகை செல்சியசு வரை, காற்றுப்படாமல் சிறிது நேரம் சூடாக்கினாலே கெடுக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குதலையும், சுவை மாறாதிருத்தலையும் அவர் நிறுவினார்.

இம்முறை பின்னர் அவர் பெயராலேயே பாஸ்டர் முறை என்று வழங்கலாயிற்று. குழந்தைகட்குக் கொடுக்கும் பாலையும் இவ்வாறு சூடாக்கிக் கொடுத்தல் வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலறிஞர் சாக்சுலெட்டு வற்புறுத்தினார். இக்காலத்துப் பாற்பண்ணைகளில் பாலை 63 பாகையில் முப்பது நிமிடமோ, 72 பாகையில் பதினைந்து நொடியோ வைத்து, உடனே குளிரச் செய்கின்றனர். இதனால் காசநோய்க் கிருமி முதலிய கொடிய கிருமிகள் பாலில் இராமல் மாய்கின்றன. ஆயினும் அப்பாலில் உள்ள நுண்ணுயிர் அனைத்தும் அழிந்துவிடுவதில்லை. எஞ்சியவை வளராதிருத்தற்பொருட்டே அதனைக் குளிர்ச்சியில் வைக்கின்றனர்.

வெப்பத்தின் ஆற்றலைக் கண்ட பாஸ்டர் அதன் எல்லையையும் கண்டார். நூறு பாகையில் கொதித்த பாலும் சில வேளைகளில் கெட்டது. 110 பாகைக்குச் சூடேற்றிய பின்னரே அது கெடாதிருந்தது. சில நுண்ணுயிர்கள் தடித்த உறையுள் அடங்கி விதை போல் உறங்குகின்றன என்பதும், கொதிநீரும் அவற்றைக் கொல்வதில்லை என்பதும் 1870-களில் பிற அறிஞர்களால் விளக்கம் பெற்றன. ஆதலின் ஒருமுறை கொதித்துவிட்டது என்பதனாலேயே, சோற்றையும் குழம்பையும் நெடுநேரம் வெளியில் வைத்திருத்தல் நன்றன்று. கொதிப்பில் பிழைத்தவை ஆறிய உணவில் விழித்துப் பெருகும்.

பட்டுப்புழு கற்பித்த பாடம்

1865-ஆம் ஆண்டில், தென்பிரெஞ்சு நாட்டில் பட்டுப்புழுக்கள் நோயுற்று மடிய, அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் வறுமையுற்றன. தம் ஆசிரியர் வேண்டியதனால், பட்டுப்புழுவை அதுகாறும் கையால் தொட்டும் அறியாத பாஸ்டர் அலே என்னும் ஊர்க்குச் சென்று ஆய்வு தொடங்கினார். அவ்வாண்டே அவர் தந்தையார் மறைந்தார். இரண்டே வயதான கடைசி மகளும் மறைந்தாள். அடுத்த ஆண்டு மே திங்களில், தந்தையைக் காணத் தாயோடு அலே நோக்கி வந்துகொண்டிருந்த மகள் செசீல் வழியில் சாம்பேரி நகரில் நோயுற்றாள். மீண்டும் அதே டைபாய்டு! பன்னிரண்டு வயதான அச்சிறுமியும் பிழைக்கவில்லை. அவளை ஆர்புவாவில் அடக்கம் செய்துவிட்டுப் பாஸ்டர் பணிக்குத் திரும்பினார்.

பட்டுப்புழுக்களைக் கொன்றது ஒரு நோயன்று; இரு நோய்கள் என்று அவர் கண்டார். நோயுற்ற புழுவின் எச்சம் படிந்த முசுக்கட்டை இலைகளைத் தின்ற நல்ல புழுக்களும் நோயுற்றன. ஈரம் பட்டுக் குவிந்து புளித்துப்போன இலைகளைத் தின்ற புழுக்கள் குடல்நோயால் துவண்டு மடிந்தன. தூய இலை, தூய தட்டு, காற்றோட்டமுள்ள அறை, நோயற்ற முட்டை ஆகிய நான்குமே மருந்து என்று அவர் விதித்தார். அவ்விதியைப் பின்பற்றியோர் பயன் பெற்றனர். மாசுற்ற உணவால் நோய் பரவும் வகையை இங்ஙனம் ஒரு சிறு புழு மனிதனுக்குக் காட்டியது.

இடைவிடா உழைப்பும் அடுத்தடுத்து வந்த துயரமும் அவர் உடலைத் தாக்கின. 1868-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வாதநோயால் அவருடைய இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. அப்பொழுது அவர்க்கு வயது 45. நோய் கண்ட ஒரு வாரத்திற்குள்ளாகவே படுக்கையில் கிடந்தவாறு ஆய்வுக் குறிப்பொன்றைச் சொல்லி எழுதுவித்தார். எஞ்சிய வாழ்நாளில் அவர் நடை தளர்ந்திருந்தது, உள்ளம் தளரவில்லை.

கைகளின் மாசு

1873-ஆம் ஆண்டில் பாஸ்டர், தாம் மருத்துவர் அல்லராயினும், பிரெஞ்சு மருத்துவக் கழகத்தின் உறுப்பினரானார். அறுவை செய்யும் மருத்துவர் தம் கைகளை நன்கு கழுவி அனலில் விரைந்து காட்டுதலும், கருவிகளைத் தூயனவாக்கலும், சூடேற்றித் தூய்மை செய்த துணியையும் நீரையுமே பயன்படுத்தலும் வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். உயிரைக் காக்க வந்த கையே நோயைக் கொண்டுவருகின்றது என்பதை ஏற்கப் பலர்க்கு மனம் வரவில்லை. எனினும் காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

1880-ஆம் ஆண்டளவில், தம்முடன் பணிபுரிந்த ஒருவர்க்குத் தோன்றிய கொப்புளத்தின் சீழை அவர் ஆராய்ந்து, அதில் கொத்துக் கொத்தாய் விளங்கிய நுண்ணுயிர்களைக் கண்டார். இன்று ஸ்டபிலோகாக்கசு என்று வழங்கும் அவ்வினம், மக்களின் மூக்கிலும் தோலிலும் புண்ணிலும் தங்குவது. சமைப்பவர் கையில் புண்ணிருந்தால் அங்கிருந்து உணவிற் புகும். வெதுவெதுப்பான உணவில் பெருகி நஞ்சை உமிழும். அந்நஞ்சு மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை என்பது பிற்கால ஆய்வால் அறிந்த உண்மை. கெட்ட உணவைச் சூடாக்கி நல்லுணவாக்கிவிடலாம் என்று எண்ணுதல் எத்துணைப் பேதைமை என்பதற்கு இஃது ஒன்றே சான்று.

பாஸ்டர் கண்ட வழியே பிற அறிஞரும் சென்றனர். அவர் இல்லத்தில் இருவரைக் கொன்ற டைபாய்டின் கிருமியைச் செருமானிய நாட்டு ஏபர்த்து 1880-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். காவ்கி என்பார் 1884-ஆம் ஆண்டில் அதனைத் தனித்து வளர்த்தார். 1888-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மாட்டிறைச்சி உண்டோர் பலர் நோயுற, கேர்ட்னர் என்னும் அறிஞர் அவ்வூனிலிருந்தும் இறந்தவர் உடலிலிருந்தும் ஒரே கிருமியைப் பிரித்தெடுத்தார். உணவு நஞ்சாவதன் மறைபொருள் இங்ஙனம் ஒவ்வொன்றாக வெளிப்பட்டது.

விருந்தில் வியப்பு

அறிந்த உண்மையைப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. தம் வீட்டு உணவு மேசைக்கும் கொண்டுவந்தார். உண்ண அமர்ந்தால் தட்டையும் குவளையையும் எடுத்து நோக்கித் துணியால் துடைப்பார். ரொட்டியைப் பிட்டுப் பிட்டு உற்றுநோக்கி, அயற்பொருள் ஏதேனும் உண்டா என்று பார்த்த பின்னரே உண்பார். பிறர் வீட்டு விருந்திலும் அவ்வழக்கம் மாறவில்லை. பிறருடன் கைகுலுக்குவதையும் அவர் விரும்பியதில்லை. கண்டவர் சிலர் வியந்தனர், சிலர் நகைத்தனர். இருமுறை அதே நோய்க்கு மகளைப் பறிகொடுத்த தந்தையின் உள்ளத்தை உணர்ந்தோர் நகையார்.

1885-ஆம் ஆண்டில் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்திட்டு அவர் உயிர்காத்த செய்தி உலகெங்கும் பரவியது. மக்கள் வழங்கிய நன்கொடையால் 1888-ஆம் ஆண்டில் பாரிசில் பாஸ்டர் ஆய்வு நிலையம் எழுந்தது. 1895-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் அப்பெருமகனார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பெயர் தாங்கிய நிலையம் ஒன்று நம் நீலகிரி மலையில் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் விளங்கி வருகின்றது.

நாம் கொள்ளத்தக்கவை

பாஸ்டரின் வாழ்வைப் படிப்பவர் கொள்ளத்தக்க பயன் யாது? நுண்ணுயிர் சிறிது, அதன் பெருக்கமோ பெரிது. வளர்தற்கேற்ற சூடும் ஈரமும் உணவும் வாய்ப்பின் சில வகைகள் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அங்ஙனம் பிரியின் ஒன்றாயிருந்தது ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டதாகும். காலையில் ஒரு கை செய்த பிழை மாலையில் ஒரு குடும்பத்தையே படுக்கையிற் கிடத்துதல் இவ்வாறே.

ஆதலின் சமைக்குமுன்னும் உண்ணுமுன்னும், கழிப்பிடம் சென்று மீண்ட பின்னரும், பச்சை ஊனையும் முட்டையையும் தொட்ட பின்னரும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். பச்சை ஊன் நறுக்கிய பலகையிலும் அரிவாள்மணையிலும் அவற்றைக் கழுவாமல் காய்கனி நறுக்குதல் கூடாது. ஊனும் முட்டையும் உள்ளும் வெந்திருத்தல் வேண்டும். சமைத்த உணவைச் சூடாகவே உண்ணுதல் நன்று. எஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்திராமல், அகன்ற கலத்தில் ஆறவிட்டு, மூடிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். அதனை மீண்டும் உண்ணுமுன் ஆவி பறக்கச் சூடாக்கல் வேண்டும். குடிநீர் தூயதாய் இருத்தல் வேண்டும். ஐயமுண்டாயின் கொதிக்க வைத்தே பருகுதல் வேண்டும். கையில் புண்ணுடையவரும் வயிற்றோட்டம் உற்றவரும் பிறர்க்குச் சமைத்தலைத் தவிர்த்தல் வேண்டும். மணத்தையும் சுவையையும் மட்டும் நம்பி, இவ்வுணவு நல்லது என்று முடிவு செய்தல் ஆகாது. நோய்க்கிருமி புகுந்த உணவு பலகால் நாறுவதுமில்லை, சுவை திரிவதுமில்லை.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது நீரும், சிறிது சோப்பும், ஒரு மூடியும், அடுப்பின் அனலும், இவற்றை மறவாத மனமுமே வேண்டும். ழானும் செசீலும் வாழ்ந்த நாளில் இவ்வறிவு அவர்தம் பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் கிட்டவில்லை. அவர்கட்குக் கிட்டாதது நமக்குக் கிட்டியுள்ளது. தம் மக்களைக் காக்க இயலாது போன தந்தை ஒருவர், பிறர் மக்களைக் காக்கும் வழியை உலகிற்கு வகுத்தளித்துச் சென்றார். உணவின் முன் அமருமுன் கை கழுவும் ஒவ்வொரு சிறுவனும் சிறுமியும், அறிந்தோ அறியாமலோ, அப்பேரறிஞர்க்கு நன்றி செலுத்துவோரே ஆவர்.